சுறாப்புட்டுக்கு இது நேரமல்ல

ஆசிரியருக்கு,

கர்ப்பிணிக்கு மீனே ஆகாது என்று ஒதுக்குவதும் தவறு; பால் ஊறும் என்று இப்போதே சுறாப்புட்டு கொடுப்பதும் தவறு. மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறாவின் சதையில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு சேர்ந்திருக்கும். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மயில்மீனும் அப்படியே. மத்தி, நெத்திலி, இறால் என்றால் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் (சமைக்கும் முன் எடை), இரண்டு மூன்று வேளையாகச் சாப்பிடலாம். முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி மாதிரி தெரிந்தால் வேகவில்லை. வெளுத்து உதிர வேண்டும். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி, வாஸ்தவம்தான். ஆனால் சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தளதளவெனக் கொதிக்கவிட்டே பரிமாறுங்கள்.