குரைப்பை நிறுத்தும் பெல்ட் இனி நம் கடையில் கிடைக்காது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாய் குரைத்தால் கழுத்தில் ஷாக் அடிக்கும் பெல்ட்டை இந்த மாதம் முதல் விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். "ஸ்டாக் தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். தீரவில்லை. ஏழு பெல்ட் குடோனில் கிடக்கிறது. விற்க மனம் வரவில்லை.

பெல்ட் கேட்டு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒரே கதைதான். கோவை சரவணம்பட்டிப் பக்கம் அபார்ட்மென்ட், கணவன் மனைவி இருவருக்கும் ஐடி வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாய் ஒரு குட்டி வாங்கினார்கள். இப்போது ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால், மதியத்துக்குள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் புகார் வந்துவிடுகிறது. சாயங்காலம் நம் கடை வாசலில் வண்டி நிற்கிறது.

அந்தக் குட்டிக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் ஒட்டிக்கொண்டு தூங்கியது. பிறகு உங்கள் மடி. ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்து பழகாத உயிரை, ஒரு திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் விட்டுவிட்டுப் போகிறோம். அது குரைப்பது சேட்டை அல்ல, கூப்பிடுகிறது. கூப்பிடும்போது கழுத்தில் ஷாக் அடித்தால் பயத்தோடு வலியும் சேரும். தனிமை இன்னும் பயங்கரமாகிவிடும். சென்ற வருடம் ஒரு பீகிள் குட்டிக்கு நாங்களே பெல்ட் விற்றோம். மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பி போனில் போட்டோ காட்டினார். குரைப்பு நின்றிருந்தது. கதவின் அடிப்பக்கம் முழுக்கப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம். விற்றது எங்கள் தவறு.

தனியாக இருப்பதும் உட்கார், வா என்பது போலக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம்தான். மணிக்கணக்கில் அல்ல, நொடிக்கணக்கில் தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று, நான்கு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெல்மெட். நீங்கள் ஹெல்மெட்டையோ சாவியையோ ஐடி கார்டையோ தொட்டவுடன் குட்டி பின்னாலேயே ஓடி வருகிறதா? அந்தப் பொருள்களைப் பார்த்தே அதற்குப் படபடப்பு தொடங்கிவிடுகிறது என்று அர்த்தம். ஆகவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டீ குடியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் ஹெல்மெட் வெறும் ஹெல்மெட் ஆகிவிடும்.

அடுத்தது கதவு. வெளியே போய்ச் சாத்தி, ஐந்து நொடியில் உள்ளே வாருங்கள். பிறகு பத்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம். குட்டி அழத் தொடங்கும் முன்பே திரும்பி வருவதுதான் சூட்சுமம். அழுதுவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு தடவை இருபது நொடி. போகும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறாதீர்கள். பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து, நீங்கள் இல்லாதபோது குட்டி என்ன செய்கிறது என்று வீடியோ எடுங்கள். தவிப்பு பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதைத் தாண்டி நிம்மதியாகப் படுத்துவிட்டால் மேலே போகலாம்.

எவ்வளவு பழக்கினாலும் மூத்திரப்பை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு மாதக் குட்டி இரண்டு, மூன்று மணி நேரம் அடக்கினாலே அதிகம். நான்கு மாதத்தில் நான்கு, ஐந்து மணி நேரம். வளர்ந்த நாய்க்கே ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் நியாயமில்லை. ஒன்பது மணி நேர ஆபீசோடு போகவர ஒன்றரை மணி நேரம் என்றால் மதியம் யாராவது வந்தே ஆக வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எதிர்வீட்டுப் பாட்டி, பக்கத்துக் காலேஜ் பையன், யாரானாலும் சரி. குட்டிக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். அப்படி யாருமே இல்லையென்றால் குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். எங்களுக்கு ஒரு மூட்டைத் தீவனம் விற்காமல் போகும், அவ்வளவுதானே.

எங்கே விடுவது? பால்கனி வேண்டாம், காலையில் நிழலாக இருக்கும் இடத்தில் மதியம் வெயில் வந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் நமக்குச் சுகம் தரும் ஃபேன் காற்று அதற்கு அந்த அளவுக்குப் பயன்படாது. குளிர்ச்சியான தரையுள்ள அறை, இரண்டு கிண்ணம் தண்ணீர் (ஒன்றைக் கட்டாயம் கவிழ்த்துவிடும்). மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தால் அன்றைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். குட்டையான சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கொசு லிக்விட், மாத்திரை அட்டை, ஃபினாயில், சார்ஜர் வயர் எதுவும் வாய்க்கு எட்டக் கூடாது. நான்கிலிருந்து ஆறு மாதம் வரை பல் முளைக்கும் காலம். எதையாவது கடித்தே தீரும்.

கடிக்க நாங்கள் தருவது எளிய ஏற்பாடு. உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் உப்புப் போடாத, தாளிக்காத தயிர்சாதத்தை அடைத்து, ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் அரை மணி நேரம் மோப்பம் பிடித்தபடி நடக்கவிட்டு (தடுப்பூசி முடியாத குட்டியானால் வீட்டுக்குள்ளேயே விளையாட்டு), கிளம்பும்போது அதைக் கொடுங்கள். நக்கி முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஓடிப் பிடிக்கப் பிறந்த நாய் அது, தெருமுனை வரை நடை போதாது.

சாயங்காலம் வந்து பார்த்தால் செருப்பு நாராகக் கிடக்கலாம். திட்டாதீர்கள். "தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது, முகத்தைப் பாருங்க" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்புச் செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைத்தான் காட்டியது. காலையில் செய்ததற்கு மாலையில் திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே பயம் என்றுதான் அது கற்கும்.

இத்தனைக்குப் பிறகும் எச்சில் ஒழுக நடுங்குகிறது, தன்னையே கடித்துக்கொள்கிறது என்றால் வீடியோவோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு.

எங்களிடம் பெல்ட் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் தருகிறோம். பில் தேவையில்லை. குட்டியையும் கூட்டி வாருங்கள். ரப்பர் பொம்மையில் தயிர்சாதம் அடைப்பதை நேரில் காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்