முதலில் சூடு, அப்புறம்தான் பால்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏழு நாய்க்குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு பால் குடிக்கின்றன. எட்டாவது மட்டும் சாக்கின் ஓரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடக்கிறது. "பாலாடையில் பசும்பால் ஊத்திப் பாக்குறோம் அக்கா, இறங்க மாட்டேங்குது" என்கிறாய். முதல் வேலையாக அந்தப் பாலாடைச் சங்கைக் கழுவி உள்ளே வை. ஃபோனில் சொன்னதில் பாதி குட்டிகள் போட்ட சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த எட்டாவது குட்டிக்கு இப்போது பசியைவிடக் குளிர்தான் பெரிய பிரச்சினை. பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. மற்ற ஏழும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துச் சமாளித்துவிடும். 240 கிராம் இருக்கிற இந்தச் சவலைக் குட்டிக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, கூட்டத்துக்குள் நுழைய வலுவும் இல்லை. முதல் வாரத்தில் அதன் உடல் சூடு 35 முதல் 37 டிகிரி வரை இருக்க வேண்டும். 34-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அப்போது நீ ஊற்றுகிற பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும், எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். பாசத்தில் பால் ஊற்றிக் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பட்டினியால் செத்தது என்றுதான் அவர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜபாளையத்தில் மார்கழி விடியற்காலை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டி படுத்திருக்கிற இடம் 30, 32 டிகிரி இருக்க வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போடு. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வை. மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். குண்டு பல்ப் தொங்கவிடலாம், ஆனால் கையை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு விடு. கரண்ட் போனால் பாட்டில்தான் கைகொடுக்கும். ரொம்பவே சில்லிட்டுக் கிடந்தால் உன் பனியனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள், அதைவிட நல்ல ஹீட்டர் கிடையாது. அவசரப்பட்டுச் சூடேற்றாதே. ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகட்டும். துவண்டு கிடந்தால் குளுக்கோஸைக் கரைத்து விரல் நுனியால் ஈறில் தடவு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி பிராந்தி ஒரு சொட்டு வைக்கச் சொல்வார். வேண்டாம். அது உள்ளே இருக்கிற சூட்டையும் சர்க்கரையையும் இறக்கிவிடும்.

"தாயே ஒதுக்கின குட்டி தங்காது" என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மா பார்த்தது பொய்யில்லை. ஆனால் சில்லிட்ட குட்டியைத் தாய் மூக்கால் தள்ளிவிடுவது சகஜம். அதே குட்டியைச் சூடேற்றிக் கொண்டுபோய் வைத்தால் நக்கிக் கொடுத்து ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. பிறந்த அன்றைக்கே கொஞ்சமாவது சீம்பால் குடித்தது என்றாயே, அது பெரிய விஷயம். சீம்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியை முதல் ஒரு நாள்தான் குடல் முழுசாக உறிஞ்சும், அப்புறம் கதவு சாத்திவிடும். அதனால் முழுக்கப் பிரித்து வளர்க்காதே. கொழுத்த குட்டிகள் நாலைந்தை அரை மணி நேரம் இன்னொரு பெட்டியில் போட்டுவிட்டு, இதைப் பின்காம்பில் பிடித்து வை. பின்னால் இருக்கிற காம்புகளில்தான் பால் அதிகம் இருக்கும்.

தாயிடம் குடித்தது போதவில்லை என்றால்தான் நீ தருகிற பால். பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல இரண்டு மடங்கு இருக்கும், பால் சர்க்கரை மட்டும் குறைவு. பசும்பால் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது, மேற்கொண்டு பேதியும் போகும். ஆட்டுப்பாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள். விலை கூடத்தான், வாங்கு. டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படியே கரை. சீக்கிரம் தேறட்டும் என்று கெட்டியாகக் கரைத்தால் வயிறு கெட்டுவிடும்.

வாயில் சுண்டுவிரலை வை. சப்பி இழுத்தால் மட்டும் பால் கொடு. சப்பவில்லை என்றால் இன்னும் சூடு போதவில்லை, அல்லது டாக்டர் குழாய் வைத்துக் கொடுக்க வேண்டிய நிலைமை. மனிதக் குழந்தையைப்போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கவே கூடாது. குப்புறப் படுக்க வைத்து, தலை லேசாகத் தூக்கியிருக்கட்டும். தாய் மடியில் அது அப்படித்தானே குடிக்கும்? சின்ன நிப்பிள் பாட்டில் நல்லது. சிரிஞ்சு என்றால் அழுத்தாதே, அது சப்பச் சப்பச் சொட்டுச் சொட்டாக விடு. இந்த எடைக்கு ஒரு வேளைக்கு 6, 7 மில்லி போதும், என்ன ஆனாலும் 10-ஐத் தாண்டாதே. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. நீயும் உன் வீட்டுக்காரியும் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆள் பார்த்தால் மூன்றாம் நாள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவான். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்து. டார்ச் அடித்து அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார். அதை இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

குடித்து முடித்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. மூன்று வாரம் வரைக்கும் குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வராது. தாய் நக்கிவிடுகிறதே, அதற்காகத்தான். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவிக்கொண்டே இரு. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் விறைக்கும், பஞ்சு நனையும். அந்தப் பஞ்சை வெளிச்சத்தில் பார். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர்ச் சத்து போதவில்லை. தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் சரியாகக் காட்டாது, பஞ்சைத்தான் நம்ப வேண்டும்.

சமையல்கட்டுத் தராசை எடுத்து, காலையும் மாலையும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுது. ஒரு நாளைக்கு 12 முதல் 24 கிராம் வரை ஏறினால் கவலைப்படாதே. பத்து நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும், இந்த மாதிரிக் குட்டி இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை இறங்கினாலோ, விடாமல் கத்தினாலோ, மூச்சில் கர்கர் என்று சத்தம் வந்தாலோ, காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போ. இங்கே முடியாது என்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டியில் போகும்போதும் வெந்நீர் பாட்டில் கூடவே இருக்கட்டும்.

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும். இரண்டாம் வாரம் தாய்க்கும் எல்லாக் குட்டிகளுக்கும் பூச்சி மருந்து, டாக்டர் சொல்கிற அளவில். இதெல்லாம் அப்புறம் பேசலாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் காது கேளாமை வரும் என்று உனக்கே தெரியும். இந்தக் குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை என்று மூன்றாம் வாரமே முடிவு கட்டிவிடாதே. காதுத் துவாரம் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். ஐந்தாறு வாரம் போனபிறகு, அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பார். அப்புறம், முப்பது நாளில் குட்டி கேட்டு வருகிறவர்களிடம் எதையும் கொடுக்காதே, இதை நிச்சயமாகக் கொடுக்காதே. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதிமுறையே இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டேன் என்றால் திருப்பிக் கொடு.

நாளைக் காலை எடையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவிடம் அந்தச் சின்ன வெந்நீர் பை பரண்மேல் இருக்கிறதா என்று கேள்.

அன்புடன்,
அக்கா