செய்தியாளராக வேண்டும் என்று கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

நீ அனுப்பியதைப் படித்தேன். டிப்ளோமா முடிந்தும் வேலை இல்லை, போகிற இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள், அனுபவம் தருகிறேன் என்பவர்கள் சம்பளம் தருவதில்லை, நம் இந்தியர்களுக்கான லோட்டஸ் எஃப்எம் வானொலியில் ஒரு மைக் கிடைத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஸூலு படி. பள்ளியில் மார்க்குக்காகப் படித்தது போதாது. டாக்ஸி ரேங்க்கில் ஒரு பாட்டியிடம் கேள்வி கேட்டு, அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்கும் அளவுக்குப் படி. தினமும் ஸூலு வானொலியான உக்கோஸி எஃப்எம் கேள். தென்னாப்பிரிக்காவில் மிக அதிகம் பேர் கேட்கும் வானொலி அது, அதுவும் நம் டர்பனிலிருந்துதான் ஒலிபரப்பாகிறது. கையில் இசோலெஸ்வே என்ற ஸூலு நாளிதழை வைத்துக்கொண்டு மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் நடந்ததை நீ நேரில் பார்த்தவள். 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம்மவர்கள் தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள். வாட்ஸ்அப்பில் "லாரி லாரியாக வருகிறார்கள்" என்று குரல் பதிவுகள் பறந்தன. பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் பம்பாயி குடியிருப்பில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் என்ன பயத்தில் இருந்தார்கள் என்று ஃபீனிக்ஸ்காரர்களுக்குத் தெரியவில்லை, இவர்கள் பயம் அவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் போய், இரண்டு பக்கமும் பேசி, வதந்தியை அன்றைக்கே உடைக்கக்கூடிய உள்ளூர் செய்தியாளர்கள் போதுமான அளவு இருந்திருந்தால், சில உயிராவது மிஞ்சியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அப்படிப்பட்ட ஒருத்தியாக நீ ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1903இல், ஒரே வருடத்தில், இரண்டு பத்திரிகைகள் இங்கே பிறந்தன. ஸூலு மக்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் டூபே, இலாங்கா என்ற ஸூலு பத்திரிகையைத் தொடங்கினார். காந்தியின் இந்தியன் ஒப்பீனியனும் அதே ஆண்டில் வந்தது. அடுத்த ஆண்டு காந்தியின் அச்சகம் ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாறியதும் டூபேயின் ஓலாங்கே பள்ளி பக்கத்து மேட்டில் என்று ஆனது. அவ்வளவு அருகில் இருந்தும் இரண்டு சமூகமும் தனித்தனியாகவே தங்கள் செய்தியை எழுதின. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நீ சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழும் வீண் போகாது. இந்தியன் ஒப்பீனியன் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. பண்ணையில் தங்கி எழுத ஆள் கிடைக்காமல் தமிழும் இந்தியும் 1906இல் நின்றன. அப்புறம் 1908இல் பி. எஸ். ஐயர் ஆஃப்ரிக்கன் கிரானிக்கிளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தினார். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மேல் விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து விடாமல் எழுதினார். 1914இல் அந்த வரி ஒழிந்தது. நம் மக்களைப் பற்றிய பழைய ஏடுகளும் ஆவணங்களும் வெஸ்ட்வில்லில் காந்தி லுத்துலி ஆவண மையத்தில் இருக்கின்றன. ஒரு நாள் போய் உட்கார். பழைய தமிழ்ப் பக்கங்களைத் தானே படிக்கக்கூடிய இளம் செய்தியாளர்கள் இந்த ஊரில் அபூர்வம்.

சரி, வேலைக்கு வருவோம். அனுபவம் கேட்கிறார்கள் என்றால் அவர்கள் கேட்பது அச்சான கட்டுரைகளை. அதை யாரும் அனுமதி கொடுக்காமலே நீ தொடங்கலாம். இத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகர சபைக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, போய் உட்காரலாம். வெருலம் நீதிமன்றத்தில் தினமும் வழக்கு நடக்கிறது. இன்று பல உள்ளூர்ச் செய்திகள் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஃபேஸ்புக் பதிவிலிருந்து எடுத்துப் போடப்படுகின்றன. அதை மட்டும் செய்யாதே. அவர்கள் சொன்ன இடத்துக்கு நீயே போ, அக்கம்பக்கத்தில் கேள்.

ஒரு விஷயத்தை எடுத்து விடாமல் தொடர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள தோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை, நினைவிருக்கிறதா? தண்ணீர் லாரிகளுக்கு எவ்வளவு பணம் போனது, யாருக்குப் போனது? 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது, பாயா என்பார்கள். அதன்படி மாநகராட்சியிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று நீ காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும், அவகாசம் நீட்டிக் கேட்கவும் அவர்களுக்கு வழி உண்டு. இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல்.

எழுதும்போது ஒரு ஆளைக் குறை சொல்கிறாய் என்றால் வெளியிடும் முன் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். பிரஸ் கவுன்சிலின் விதி அது. அவர் பதில் சொல்ல நியாயமான நேரம் கொடு. இரவு பத்து மணிக்கு ஒரு மிஸ்டு கால் விட்டுவிட்டு "பதில் இல்லை" என்று எழுதாதே. வழக்கில் சிக்கிய 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரை எழுதக் கூடாது. 2019இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை இன்னும் விரிவாக்கியது. ஊரே அறிந்த பெயர் என்றாலும் நீ எழுதாதே.

வானொலி ஆசையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. செய்தி சேகரிக்கத் தெரிந்தவள் மைக் முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குரலில் ஒரு கனம் வரும். கேட்பவர்களுக்கு அது தெரியும். சமூக வானொலிகளில் தொடங்கு. ரைசிங் சன் மாதிரி சாட்ஸ்வர்த் வாரப் பத்திரிகைக்கும், நம்மவர்களுக்கான போஸ்ட் பத்திரிகைக்கும் உன் கட்டுரைகளைக் கொண்டு போ. ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது உன்னைப் பற்றி நாலு பத்தி வேண்டாம். என்ன செய்தி, யாரிடம் பேசினாய், ஏன் இந்த வாரம் வர வேண்டும், இந்த மூன்றையும் ஐந்து வரியில் சொல். அவர்களுக்கு நேரம் இல்லை.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படாதே. எழுதுவதற்கு முன்பே கட்டணம் எவ்வளவு, எப்போது தருவார்கள், டாக்ஸி செலவு தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். "பெயர் வரும்" என்று மட்டும் சொல்லும் இடத்துக்கு ஒரு முறை எழுது. இரண்டாவது முறை கேட்டால் காசு கேள். தோங்காட் தண்ணீர் பற்றிய தகவல் விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, கேள்விகளைச் சேர்ந்து சரிபார்த்த பிறகு கொடுக்கலாம்.

அன்புடன்,
மாமா