இடப்பக்க முடிச்சு

மஸ்கெலியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கமலா,

ஏழு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்ட வேண்டியதை எல்லாம் முதலில் திட்டி முடித்துவிடு, பிறகு மேலே படி. நான் சுகம். இவருக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால். பெரியவள் கொழும்பில் இருக்கிறாள். சின்னவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை. உங்கள் கோத்தகிரிப் பக்கம் யாராவது இருந்தால் சொல், ஆனால் உன் நாத்தனார் வகையில் மட்டும் வேண்டாம்.

பென்ஷன் எடுத்த பிறகு நான் காடு காடாக அலைகிறேன் என்று மேரி உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பாள். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் சப்பாத்து மாட்டி, காலெல்லாம் சவர்க்காரம் தடவிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சவர்க்காரம் அட்டைக்கு. அப்படியும் போன வாரம் ஒன்று காதுக்குப் பின்னால் ஏறி, கோயிலில் தீபாராதனை நேரத்தில் உப்பிப்போய் மடியில் விழுந்தது. ஐயர் மணியை நிறுத்திவிட்டார்.

நாங்கள் பதினோரு பேர். என்னிடம் படித்த மூன்று பையன்கள், கொழுந்தெடுக்கிற நாலு பெண்கள், நோர்வூட்டிலிருந்து வருகிற இரண்டு சிங்களப் பிள்ளைகள், வனஜீவி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அப்புறம் நான். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற ஓரமாக வரிசையாக நடந்து கம்பிச் சுருக்கைத் தேடுவதுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஆனால் சுருக்குப் போடுகிற மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள் துருப்பிடித்து மண் நிறத்துக்கு வந்துவிட்டால் மூக்குக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது. பன்றி போகிற தடத்தில், இரண்டு பக்கமும் முள்ளை வெட்டி அடைத்து, நடுவில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். அந்தச் சந்தில்தான் வளையம் தொங்கும். எங்கள் ராணி கம்பியைத் தேடமாட்டாள், முள்ளைத்தான் தேடுவாள். "தானா விழுந்த முள்ளு இப்பிடி ஒழுங்கா கெடக்காது டீச்சர்" என்பாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கண்.

சுருக்கைப் பன்றிக்குத்தான் வைக்கிறார்கள். ஆனால் பன்றி போகிற பாதையில் மரை போகும், முள்ளம்பன்றி போகும், அவற்றுக்குப் பின்னால் சிறுத்தையும் போகும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியதே, உனக்குப் படம் அனுப்பினேன். கழுத்தில் கம்பி. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்றாம் நாள் செத்துப்போனது. அது தனி இனம் ஒன்றும் இல்லை, நம் சிறுத்தைதான், நிறம் மட்டும் கறுப்பு. இந்தப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை இருக்கிறது என்று நம்மில் பலருக்கு அது சாகும்போதுதான் தெரிந்தது. அந்தப் படம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

நாம் அதைப் புலி என்றுதானே சொல்வோம்? யுத்த காலத்தில் ஹட்டன் பஸ்ஸில் "புலி" என்று சொல்ல வாய் கூசும். "பெரிய பூனை" என்போம். ஆனால் 1956இல் தெரணியகல என்ற விலங்கியல் விஞ்ஞானி இந்தச் சிறுத்தைக்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே 'கோட்டியா' இருக்கிறது. சிங்களத்தில் புலி. அவர் மட்டும் பஸ்ஸில் போயிருந்தால்!

மிருகம் உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகக்கூடாது. சனத்தை விலக்கிவிட்டு 1992க்குப் போன் அடிக்க வேண்டும். வனஜீவிக்காரர்களின் அவசர இலக்கம் அது. மயக்க ஊசியோடு டாக்டர் வரும்வரை பெரிய பாடு, போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வருகிற கூட்டத்தைத் தடுப்பதுதான். கத்தக் கத்த அது இழுக்கும், இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். இலக்கம் எனக்கு மறக்காது, என் கல்யாண வருஷம். இரண்டுமே ஆபத்துக்கு உரியது என்று இவர் காதில் விழாமல் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, சிரித்தது போதும். இனிச் சொல்வதை மேரியிடம் சொல்லாதே.

மூன்று வாரத்துக்கு முன்னால், மேல் டிவிஷன் ஓரத்தில், பழைய தண்ணிப் பீலிக்கு மேலே சபுக்கு மரங்கள் நிற்கிற இடம் உனக்குத் தெரியும், அங்கே ஒரு சுருக்கு பார்த்தேன். கம்பி வெட்டுகிற குறடோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கேபிளை அடிக்கட்டையில் கட்டியிருந்த முடிச்சில் வால் இடப்பக்கம் திரும்பி, கீழ்வளையத்துக்குள் சொருகியிருந்தது.

உனக்கும் அந்த முடிச்சைத் தெரியும். 1983இல் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது உன் ட்ரங்குப் பெட்டியை அப்பாதான் கட்டிக் கொடுத்தார். மண்டபம் கேம்ப்பில் யாராலும் அவிழ்க்க முடியாமல் கடைசியில் கத்தியால் அறுத்தோம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அவருக்கு இடது கை. எங்கள் மாடு லெச்சுமியைக் கட்டுவதும் அப்படித்தான். அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டது இந்த உலகத்தில் இரண்டே பேர், நானும் ரவியும்.

தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் பத்துப் பாத்தி உருளைக்கிழங்கு, கொஞ்சம் லீக்ஸ், கோவா. தோட்டச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாமல்தான் அதைக் கொத்தினான். போன தையில் ஒரே ராத்திரியில் பன்றி புகுந்து எல்லாவற்றையும் கிளறிப் போட்டது. காலையில் பார்த்தால் உழுத வயல் மாதிரி கிடந்தது, நடுவில் இவன் உட்கார்ந்திருந்தான். டின் கட்டினான், தகரம் அடைத்தான், ராத்திரி பந்தம் பிடித்துக் காவல் இருந்தான். சிறுத்தை இருந்தால் பன்றி குறையுமடா என்று நான் ஒருநாள் சொன்னதற்கு, "ஒங்க புலிக்கு எங்க கெழங்குப் பாத்தி அட்ரஸ் தெரியலயே அக்கா" என்றான். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. இந்த மலையெல்லாம் காடாக இருந்ததுதானே. முதலில் கோப்பிக்கும், கோப்பியில் பூஞ்சை விழுந்த பிறகு தேயிலைக்கும் வெட்டினார்கள். வெட்டச் சொன்னது துரைமார், கோடாரி பிடித்தது நம் பாட்டன்கள். மிஞ்சியது மலை உச்சியிலும் ஓடைக்கரையிலும் கிடக்கிற துண்டுக் காடுதான். மிருகமும் அங்கேதான், நாமும் அதன் காலடியில்தான். இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது. அவனிடம் போய்ச் சட்டம் பேச எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் கழுத்தில் கம்பியோடு இருந்த அந்தப் படமும் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? முடிச்சை வெட்டவில்லை, அவிழ்த்தேன். அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரி வாலை உள்ளே தள்ளி ஒரு திருகு. கேபிளைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கீழே வந்து எண்ணிக்கை கொடுக்கும்போது ஆறு என்றேன். ஏழு. ராணி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்த கை இது, கமலா. அந்தக் கேபிள் இப்போது என் சேலைப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

இன்றைக்கும் அதே இடத்தைத் தாண்டித்தான் போனோம். புதிதாக முள் அடைத்திருந்தது. வளையம் இன்னும் தொங்கவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். "நீ எப்பவுமே அவனுக்குச் செல்லம் கொடுத்தே கெடுத்தாய்" என்பாய். கொடுத்தேன்தான். அம்மா போனபோது அவனுக்கு வயது ஆறு.

இதோ வாசலில் செருமல் கேட்கிறது. அவன்தான், கையில் லீக்ஸ் கட்டோடு நிற்கிறான். "அக்கா, பிளேன்டீ இருக்கா?" என்கிறான். இரு என்று சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறந்து அந்தக் கேபிளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போகிறேன். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்,
சரோ