நாற்பது இடத்தில் போடாதே, அம்மிணி

அம்மிணி,

நேற்று ராத்திரி நாம் பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை உனக்கு வேறு போன் குறுக்கே வந்தது. மூன்றும் கோர்ஸ் விற்கிறவர்கள் என்றாய். வேலை போன வாரத்திலேயே கண்ணில் பட்ட தளத்தில் எல்லாம், நாற்பது இருக்கும், ரெஸ்யூமேவைப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னாய். உன் குரல் சோர்ந்திருந்தது. போனில் நான் ஏதாவது சொல்லியிருந்தால் திட்டுவது போல ஆகியிருக்கும். அதனால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைப் போல வெப்சைட் செய்கிற கோடிங் எனக்குத் தெரியாது. ஆனால் தாலுகா ஆபீஸ் எதிரே ஜாப் டைப்பிங் கடை போட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருடைய பயோடேட்டா என் கையால் அடித்ததுதான். இண்டர்நெட் வந்த பிறகு அதை வேலைத் தளங்களில் ஏற்றிக் கொடுப்பதும் தொழிலானது. ஒரு தளத்துக்கு இருபது ரூபாய். நிறைய இடத்தில் இருந்தால் நிறைய பேர் கூப்பிடுவார்கள் என்று நானே சொல்லி ஏற்றினேன்.

2009 வாக்கில், பி.சி.ஏ. முடித்த ஒரு பையனுக்குப் பதினைந்து தளத்தில் ஏற்றினேன். அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு வாரத்தில் பெங்களூரு கம்பெனி என்று ஒருத்தர் கூப்பிட்டார். வீட்டு விலாசம் முதற்கொண்டு சரியாகச் சொன்னதால் பையன் நம்பிவிட்டான். டெபாசிட் எட்டாயிரம். அவன் அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டினார். மறுநாள் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பையன் கடைக்கு வந்து என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணா, அந்த கம்பெனிக்கு வேற நம்பர் ஏதாவது இருக்குமா, பாருங்க" என்றுதான் கேட்டான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. தெரியாத தளத்தில் ஏற்றுவதை அன்றைக்கு விட்டேன்.

எங்கே போடலாம் என்பதற்கு முன்னால், அங்கே அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று கேள் அம்மிணி. நௌக்ரி என்ற வேலைத் தளம் 1997-இல் தொடங்கியது. கம்பெனிக்காரர்களும் ஏஜென்சிக்காரர்களும் பணம் கட்டி உள்ளே போய் ஆள் தேடுகிற இடம் அது. எடுத்த எடுப்பில் யாரும் உன் ரெஸ்யூமேவை உட்கார்ந்து வாசிப்பதில்லை. ரியாக்ட், நோட் என்று உங்கள் கோடிங் கருவிகளின் பெயர், மூன்று வருஷ அனுபவம், சென்னை என்று வார்த்தை போட்டுச் சலிக்கிறார்கள். 'வெப் டெவலப்பர், கடினமாக உழைப்பேன்' என்று மட்டும் இருந்தால் உன் பெயர் மேலே வராது. நீ உண்மையில் கையாண்டதன் பெயர்களை அப்படியே எழுது. சமீபத்தில் உள்ளே வந்து போனவர்களை மட்டும் காட்டு என்று கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. போட்டுவிட்டு மறந்துபோன நாற்பது கணக்குகளைவிட, வாரத்துக்கு இரண்டு தடவை திருத்துகிற ஒன்று மேல் என்று நான் சொல்வது இதனால்தான். அப்புறம் நோட்டீஸ் பீரியட், அதாவது இருக்கிற வேலையை விட்டு வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிற இடத்தில் 'உடனே சேரலாம்' என்பதைத் தேர்ந்தெடு. வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்போது, இது உன் பக்கம் இருக்கிற பலம்.

லிங்க்டுஇன் வேறு மாதிரி. அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு, அதாவது கம்பெனிக்கு ஆள் எடுப்பவர்களுக்கு, மட்டும் காட்டலாம், அல்லது போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு எல்லாருக்கும் காட்டலாம். நீ எல்லாருக்கும் காட்டு. டீமையே கலைத்த கம்பெனியில் உன் தவறு என்ன இருக்கிறது? உன்னோடு வேலை பார்த்த டீம் லீடுக்கு இரண்டு வரி எழுது. அந்த இரண்டு வரி, முகம் தெரியாத முப்பது தளத்துக்கு மேல்.

கடைக்கு வருகிற பிள்ளைகள் எங்கிருந்தோ எடுத்த பழைய பட்டியலை வைத்திருக்கிறார்கள். கோடிங் செய்பவர்கள் புழங்குகிற கிட்ஹப்பின் வேலைப் பக்கம் 2021-இலும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பழைய வேலைப் பக்கம் 2022-இலும் மூடியாகிவிட்டது, இன்னும் அந்தப் பெயர்கள் பட்டியலில் நிற்கின்றன. மான்ஸ்டர் இந்தியா 2022-இல் ஃபவுண்டிட் என்று பெயர் மாறியது. ஏஞ்சல்லிஸ்டின் வேலைப் பகுதி அதே வருஷம் வெல்ஃபவுண்ட் ஆனது. ஸ்டார்ட்அப்பில் சேர மனமிருந்தால் அதில் ஒன்று போட்டு வை. ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி நீ விரும்புகிற கம்பெனி என்றால் நேராக அவர்கள் தளத்தின் கேரியர்ஸ் பக்கத்துக்கே போ.

டெலிகிராமில் தாய்லாந்து வேலை என்று ஒருத்தர் அனுப்பியதாகச் சொன்னாயே, அதற்குப் பதில் போடாதே. 2022-இல் இப்படித்தான் ஐடி வேலை, தாய்லாந்து என்று சொல்லி நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் மோசடி வேலையில் அடைத்தார்கள். வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. யாராவது பணம் கேட்டால், பயிற்சிக்கோ லேப்டாப்புக்கோ எதுவானாலும், போனை வைத்துவிடு. ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் என்னிடம் சொல்லத் தயங்காமல் சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கும் உடனே கூப்பிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய். அந்த நாற்பதில் உனக்கே பெயர் நினைவில்லாதவற்றில் கணக்கை நீக்கு. ரெஸ்யூமேவில் என் பெயர், பிறந்த தேதி, கோபியில் இருக்கிற நம் வீட்டு விலாசம் எதுவும் வேண்டாம். ஊர் பெயர், மெயில், ஒரு நம்பர் போதும். ஆதார் நம்பர் எங்கேயாவது இருந்தால் முதலில் அதை எடு.

இன்னொன்று. நீ காலேஜில் செய்த உன் சொந்தத் தளத்தை இன்றைக்குக் கடையில் திறந்து பார்த்தேன். ரெஸ்யூமேவில் அந்த லிங்க்தான் முதல் வரியில் இருக்கிறது, பார்க்கிறவர் முதலில் தட்டுவதும் அதைத்தான். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது. அம்மாவின் போனில் திறந்தால் உன் போட்டோ பெரிதாகி, கீழே 'தொடர்புகொள்ள' என்ற பட்டனை மறைத்துவிடுகிறது. துணிக்கடைக்குச் செய்த தளத்தின் லிங்க்கும் திறக்கவில்லை. உனக்கு அரை மணி நேர வேலைதான். சரிசெய்துவிட்டு அனுப்பு, நான் மறுபடியும் அம்மா போனில் பார்க்கிறேன்.

அப்பா