பொட்டாஷ் மூட்டை வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பெரியவளுக்கு உள்ளூர்ப் பக்கமே வேலை அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

சரி, உன் ஸ்வீட் கார்ன் விஷயம். அடி இலைகளில் நுனியில் தொடங்கி ஓரம் மட்டும் தீய்ந்திருக்கிறது, நடு நரம்பு பச்சையாகவே நிற்கிறது. யூரியா பற்றாமல் இருந்தால் மஞ்சள் நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும். இது பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து, குறைதான். பற்றாக்குறை வந்தால் பயிர் பழைய இலையில் இருக்கும் சாம்பல் சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் அடி இலைதான் முதலில் போகும். இலையில் உண்டாகும் சர்க்கரை கதிருக்குப் போய்ச் சேரவும் இந்தச் சத்து வேண்டும். இனிப்புக்காகவே விற்கிற கதிரில் இதை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும், சொல்!

ஆனால் இன்னொரு மூட்டை போடவா என்று கேட்டிருக்கிறாயே, அவசரப்படாதே. முதலில் ஒரு செடியைச் சுற்றித் தோண்டி, வேரைப் பார். வருஷா வருஷம் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒரே ஆழத்தில் ஓடிய நிலம் உன்னுடையது. மேலே பொலபொலவென்று இருக்கும், ஒரு சாண் கீழே கடப்பாரை கூட இறங்காது. வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். சரளைச் செம்மண்ணில் களி குறைவு என்பதால் பொட்டாஷைப் பிடித்து வைக்கவும் மாட்டாது. நல்ல மழை பெய்தால் சத்து கீழே இறங்கிவிடும், வேரால் பின்தொடர முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் இந்த நிலத்தில் காசுதான் கரையும்.

அதனால் இந்தக் கோடையில், அடியில் இறுகிய மண்ணை உடைக்கும் உளிக்கலப்பையை ஓட்டிவிடு. மண் காய்ந்திருக்கும்போதுதான் ஓட்ட வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கோடு கிழிக்குமே தவிர இறுகல் உடையாது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அப்புறம் ரோட்டவேட்டரைக் குறைத்துக்கொள். புழுதியாக அடித்த செம்மண் ஒரு மழைக்கே மேலே ஓடு கட்டி, முளைப்பைக் கெடுக்கும்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டருக்கு 75 கிலோ சாம்பல் சத்து. கடைப் பொட்டாஷில் 60 சதவீதம்தான் சத்து, ஆக ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை ஒன்று. மண் பரிசோதனை பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள். உன் மண்ணுக்குப் பாதியை அடியுரமாகவும் மீதியை மண் அணைக்கும்போதும் கொடுப்பதுதான் சரி. அளவு மீறினால் மக்னீசியம் எடுப்பது தடைபடும்.

இன்னொன்று. கதிர் ஒடித்தபின் நிற்கும் தட்டையை விற்றுவிட்டேன் என்று எழுதியிருந்தாய், அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பயிர் எடுத்த பொட்டாஷில் பெரும்பகுதி தட்டையில்தான் இருக்கிறது. நிலத்திலேயே பொடித்துப் போடு, இல்லை மாட்டுக்குப் போட்டுச் சாணத்தோடு மூத்திரத்தையும் குப்பையில் சேர். மாடு தின்ற பொட்டாஷ் பெரும்பாலும் மூத்திரத்தில்தான் வெளியே வரும்.

வேரைத் தோண்டியதும் படம் எடுத்து அனுப்பு. உளிக்கலப்பை வாடகைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வை, சித்திரையில் கூட்டம் கூடிவிடும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்