மெழுகுக்கு முன்னால் பல்லைக் கொடுங்கள்

முதலாம் ஆண்டு பி.டி.எஸ். மாணவர்களுக்கு டென்டல் அனாட்டமி (பல்லின் உருவ அமைப்புப் பாடம்) நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கிளினிக் வைத்து நடத்தும் பல் மருத்துவர். படிப்பு முடித்த கையோடு வரும் ஜூனியர்கள் சிலர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். மேல் நடு வெட்டுப்பல்லின் அளவைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்: கிரவுன் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) 10.5 மில்லிமீட்டர், வேர் 13, அகலம் 8.5. பிடுங்கிய பல் ஒன்றை ட்ரேயில் வைத்து, இது வலப்பக்கத்துப் பல்லா இடப்பக்கத்துப் பல்லா என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிக்குள் நுழைந்ததும் அவர்கள் கைக்கு முதலில் வந்தது நிஜப் பல் அல்ல, பல்லுருவம் செதுக்கிப் பழகும் மெழுகுக் கட்டியும், லெக்ரான் கார்வர் என்ற செதுக்கு கருவியும், ஸ்கேலும்தான்.

அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். புத்தகத்துப் படத்தைப் பார்த்துக் கட்டியில் கோடு போட்டு, சீவி, துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தால் திரும்பச் செய். அந்த எண்களெல்லாம் சராசரி. அளவுச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு சட்டை தைத்துவிடலாம். போடுகிறவருக்கு ஒரு தோள் இறங்கியிருப்பது சீட்டில் இருக்காது. பல்லிலும் நமக்கு வேண்டியது அந்த இறக்கம்தான். மீசியல் முனை (முகத்தின் நடுக்கோட்டை நோக்கியது) கூராகவும் டிஸ்டல் முனை (அதற்கு எதிர்ப்பக்கம்) சற்று உருண்டும் இருப்பது, ஈறோரக் கோடு மீசியல் பக்கம் அதிகமாக வளைவது, வேர் நுனி பெரும்பாலும் டிஸ்டல் பக்கம் சாய்வது. வலம் இடம் சொல்ல உதவுபவை இவை.

கோரைப்பல்லை அடுத்து வரும் சிறு கடைவாய்ப்பல்லான மேல் முதல் ப்ரீமோலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீசியல் பக்கத்தில், பக்கத்துப் பல்லைத் தொடும் கான்டாக்டைத் தாண்டி வேரை நோக்கிப் போகும்போது ஒரு பள்ளம் தொடங்கி, ஈறுக்குள் நுழைந்து வேரிலும் ஓடுகிறது. பாடத்தில் அது ஒரு வரி. கிளினிக்கில் அந்தப் பக்கம் சொத்தை விழுந்தால், அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் மேட்ரிக்ஸ் பேண்டை எவ்வளவு இறுக்கினாலும் பள்ளத்தில் ஒட்டாது. இடைவெளி வழியாக ஃபில்லிங் பிதுங்கி ஈறோரம் துருத்திக்கொண்டு நிற்கும், நோயாளி மூன்று மாதத்தில் ஈறு வீங்கித் திரும்பி வருவார். ஈறு நோய்க்காகச் சுத்தம் செய்தாலும் பற்காரை ஒளிந்துகொள்வது அங்கேதான். பல்லை எடுக்க வேண்டி வந்தால் இன்னொரு வம்பு: பெரும்பாலும் இரண்டு மெல்லிய வேர்கள். கீழ் ப்ரீமோலாரைத் திருகுவதுபோல் இதைத் திருகினால் வேர் நுனி உடைந்து உள்ளேயே நின்றுவிடும். கன்னப்பக்கமும் அண்ணப்பக்கமுமாக மெல்ல அசைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலாம் ஆண்டிலேயே எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்க்கருவியின் முனையால் அந்தப் பள்ளத்தை ஒருமுறை வருடிப் பார்த்தவருக்கு இதையெல்லாம் பின்னால் விளக்குவது சுலபம். கடிக்கும் பரப்பின் ஓர மேடான மார்ஜினல் ரிட்ஜைக் குறுக்கே கடக்கும் சின்னக் கோடும் அதே பக்கம்தான். மீசியல் எதுவென்று பிடிபட்டால் வலமா இடமா என்ற கேள்வியும் முடிந்தது.

கீழ் வெட்டுப்பல்லும் இப்படித்தான். முன்னாலிருந்து பார்த்தால் குச்சி மாதிரி இருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் வேர் எவ்வளவு அகலம் என்று தெரியும், வேருக்குள்ளே இரண்டாவது நரம்புக் கால்வாய் இருக்கக்கூடும் என்ற சந்தேகமும் அப்போதுதான் வரும். முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துச் செதுக்கினவருக்கு அது எப்படி வரும்?

பற்களுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஓரல் சர்ஜரி பிரிவு உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. நோயாளியிடம் அனுமதி கேட்டு வாங்கி, யாருடையது என்ற அடையாளம் இல்லாமல் சேர்த்தால் போதும். கிளிப் போடுவதற்காக எடுக்கும் முதல் ப்ரீமோலார்கள் பெரும்பாலும் சொத்தையில்லாமல் முழுசாகவே கிடைக்கும். மோலார்கள் (பெரிய கடைவாய்ப்பற்கள்) பாதி அரித்துத்தான் வரும், மேல் கோரைப்பல் அபூர்வம். ஞானப்பல்லை மட்டும் ஆரம்பத்தில் கண்ணில் காட்டாதீர்கள், அது எந்த விதிக்கும் அடங்காது. சேர்த்த பற்களை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், கிருமி நீக்கிக் கொடுங்கள். பாதரசக் கலவையான அமால்கம் அடைத்த பல்லை அதில் வைக்க வேண்டாம், பாதரச ஆவி வெளிவரும். அதைப் 10 விழுக்காடு ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறப்போட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2020 முதல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்களும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேல் முதல் மோலாரின் ஆப்லிக் ரிட்ஜ் என்ற சாய்வு மேட்டைப் பற்றிய ஆங்கிலப் பத்தியை அவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். பல்லைக் கையில் கொடுத்து, மீசியோபலட்டல் கஸ்ப்பிலிருந்து (மீசியல் பக்கம், அண்ணத்தை ஒட்டிய முகடு) டிஸ்டோபக்கல் கஸ்ப் (டிஸ்டல் பக்கம், கன்னத்தை ஒட்டிய முகடு) வரை மூலைக்கு மூலை விரலை ஓட்டச் சொன்னால், அந்தப் பத்தி அவர்களுக்குத் தேவையே படாது.

கார்விங்கையே எடுத்துவிடலாம், இனி எல்லாம் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும்தான் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட்டில் ஒரு கஸ்ப்பை எழுப்பும்போது கைக்குப் பழக்கம் வேண்டும். செதுக்கட்டும். ஆனால் எதிரில் ஒரு நிஜப் பல்லை வைத்துக்கொண்டு செதுக்கட்டும். மதிப்பெண் போடும்போது ஸ்கேலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, “இந்த மேடு ஏன் இங்கே?” என்று கேளுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பத்துப் பற்களைக் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பளபளப்புக்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம், சரியா?

என் கிளினிக்கில் எடுக்கும் ப்ரீமோலார்களை அனுமதி வாங்கிச் சுத்தம் செய்து பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரி கேட்டாலும் கொடுத்தனுப்புவேன். ஒரே ஒரு நிபந்தனை: மெழுகுக் கட்டி வாங்கிவரச் சொல்வதற்கு முந்தைய வாரமே அவை மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்